திரையில் ஒரு திண்ணை

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஊரில் மாலை நேரத்தில் திண்ணையில் அமர்ந்து பேசுவது தமிழர் வழக்கம். திண்ணையில் பேசும்போது யார் அருகில் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே மக்கள் பேசுவர். அயலார் வந்தால் பேச்சை மாற்றுவர். குடும்பச் செய்தி என்றால் வீட்டிற்குள் சென்று பேசுவர். இன்று அந்தத் திண்ணை கணினித் திரைக்கு வந்துவிட்டது. திரையில் யார் அருகில் இருக்கிறார்கள் என்பதை நாம் எப்படி அறிவது? எதை வெளியில் காட்டுவது, எதை உள்ளே வைப்பது என்று முடிவு செய்வது யார்? தாராவியில் வாழும் ஒரு குடும்பத்தின் கதை வழியாக இதனைக் கற்போம்.

1. பட்டறையில் ஒரு மாலை

மும்பையின் தாராவியில், தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் ஒரு சிறிய தோல்பைப் பட்டறை இருக்கிறது. கீழ்த்தளத்தில் பட்டறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே வீடு. பட்டறையை நடத்துபவரின் தந்தை, திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்தவர். அந்தப் பகுதி இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. ஆச்சி இன்றும் அங்கேதான் வாழ்கிறார். சித்தப்பா அவருடன் இருக்கிறார்.

பட்டறையின் மூலையில் மேசைக் கணினி ஒன்று உண்டு. பகலில் அப்பா அதில் விலைப்பட்டியல் தயாரிப்பார். பைகளின் படங்களை வணிகர்களுக்கு அனுப்புவார். மாலையில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் அதில் வீட்டுப்பாடம் செய்வாள். அவளுடைய தம்பியும் அதைத்தான் பயன்படுத்துவான். அப்பாவின் கைப்பேசியில் உள்ள செய்திச் செயலி அந்தக் கணினியிலும் இணைக்கப்பட்டிருந்தது. வணிகச் செய்தி, குடும்பச் செய்தி ஆகிய இரண்டும் அதில்தான் வரும்.

ஒருநாள் மாலை சென்னையிலிருந்து வணிகர் ஒருவர் வந்தார். நூறு பைகள் வேண்டும் என்றார். பை ஒன்றுக்கு 450 ரூபாய் என்று அப்பா விலை சொன்னார். வணிகர் தையலைத் தடவிப் பார்த்தார், பூட்டைத் திறந்து மூடிப் பார்த்தார், தலையசைத்தார். வேறு நிறங்களைக் காட்டுவதற்காக அப்பா கணினியை அவர் பக்கம் திருப்பினார். அந்த நேரத்தில் திரையின் வலப்பக்க மூலையில் ஒரு சிறு கட்டம் எழுந்தது. சித்தப்பா அனுப்பிய செய்தி அது.

"அண்ணா, அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். எப்படியாவது அனுப்பிவிடுங்கள்."

சில நொடிகளில் அந்தக் கட்டம் மறைந்துவிட்டது. ஆனால், அதற்குள் வணிகர் அதைப் படித்துவிட்டார். தமிழ் அறிந்தவர் அல்லவா? அவர் பையைக் கீழே வைத்தார். "390 ரூபாய் என்றால் இன்றே முன்பணம் தருகிறேன். இல்லாவிட்டால் அடுத்த மாதம் பார்ப்போம்" என்றார். அப்பா சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்னர், "சரி" என்றார்.

பை ஒன்றுக்கு 60 ரூபாய் குறைந்தது. நூறு பைகளுக்கு 6,000 ரூபாய். பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு ஏணியில் அமர்ந்திருந்த மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2. அஞ்சலட்டையும் உள்நாட்டுக் கடிதமும்

இரவு உணவின்போது மகள், "அப்பா, அந்தச் செய்தி வந்ததால்தானே விலை குறைந்தது?" என்று கேட்டாள்.

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். "உன் தாத்தா ஊருக்கு இரண்டு வகையில் எழுதுவார். 'நலம், நலமறிய அவா' என்று மட்டும் எழுதுவதானால் அஞ்சலட்டை வாங்குவார். கடன், நோய், திருமணப் பேச்சு என்றால் உள்நாட்டுக் கடிதம் வாங்குவார். அதை மூன்றாக மடித்து, ஓரங்களில் பசை தடவி ஒட்டிவிட்டால், பிரித்தால்தான் படிக்க முடியும். அஞ்சலட்டையை வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இன்று நம் வீட்டுக்கு வந்தது அஞ்சலட்டை, அம்மா. அவ்வளவுதான்" என்றார்.

"அந்த அஞ்சலட்டையை உள்நாட்டுக் கடிதமாக மாற்ற முடியாதா, அப்பா?"

"அது உன் அத்தையைக் கேட்க வேண்டிய கேள்வி" என்றார் அப்பா.

அத்தை மாதுங்காவில் வசிக்கிறார். செம்பூரில் உள்ள ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் பணிபுரிகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை, மாதுங்கா அங்காடியில் வாங்கிய மல்லிகைச் சரத்துடன் அவர் தாராவிக்கு வந்தார். நடந்ததைக் கேட்டதும், "மருமகளே, இதில் யாரையும் குறை சொல்ல வேண்டாம். செயலியை நிறுவும்போது எல்லாவற்றையும் திறந்து வைத்துத்தான் கொடுப்பார்கள். எந்தக் கதவைச் சாத்துவது என்று தீர்மானிக்க வேண்டியவர் வீட்டுக்காரர். இந்த வீட்டில் அது நீதான். உட்கார், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்" என்றார்.

3. ஐந்து கதவுகள்

அத்தை செயலியின் 'அமைப்புகள்' பகுதியைத் திறந்தார். அமைப்புகள் என்பவை ஒரு செயலி எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நாம் இடும் கட்டளைகள். அன்று அவர்கள் ஐந்து அமைப்புகளை மாற்றினார்கள்.

முதலாவது, அறிவிப்பு. "அறிவிப்பை முழுவதும் நிறுத்திவிடலாமா?" என்று மகள் கேட்டாள். "நிறுத்தினால் வணிகர் அனுப்பும் செய்தியும் அப்பாவுக்குத் தெரியாதே! அறிவிப்பு வேறு, முன்னோட்டம் வேறு. செய்தி வந்திருக்கிறது என்று சொல்வது அறிவிப்பு. செய்தியில் என்ன இருக்கிறது என்று காட்டுவது முன்னோட்டம். நாம் முன்னோட்டத்தை மட்டும் நிறுத்துவோம்" என்றார் அத்தை. பிறகு தம் கைப்பேசியிலிருந்து ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தார். திரையின் மூலையில் 'புதிய செய்தி' என்ற இரண்டு சொற்கள் மட்டும் தோன்றின. "உள்நாட்டுக் கடிதம்!" என்று தம்பி கைதட்டினான்.

இரண்டாவது, திரைப்பூட்டு. பட்டறையில் பலர் வந்து போவார்கள். அப்பா எழுந்து சென்றால் கணினி திறந்தே கிடக்கும். சில நிமிடங்கள் யாரும் தொடாவிட்டால் செயலி தானே பூட்டிக்கொள்ளுமாறும், கடவுச்சொல் கொடுத்தால் மட்டுமே திறக்குமாறும் அமைத்தார்கள். பிறந்த நாளையோ கைப்பேசி எண்ணையோ கடவுச்சொல்லாக வைக்கக் கூடாது என்று அத்தை சொன்னார்.

மூன்றாவது, இணைக்கப்பட்ட கருவிகள். ஒரே கணக்கைக் கைப்பேசியிலும் பல கணினிகளிலும் திறந்து வைக்க முடியும். எந்தெந்தக் கருவிகளில் கணக்குத் திறந்திருக்கிறது என்பதைக் கைப்பேசியில் உள்ள பட்டியல் காட்டும். அப்பாவின் பட்டியலில் இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்று பட்டறைக் கணினி. மற்றொன்று எது என்று அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. சற்று யோசித்த பின்னர், "சென்ற வாரம் விலைப்பட்டியலை அச்செடுக்க இணைய மையத்திற்குச் சென்றேனே, அந்தக் கணினி!" என்றார். வேலை முடிந்ததும் அவர் சாளரத்தை மட்டும் மூடிவிட்டு வந்திருந்தார், கணக்கிலிருந்து வெளியேறவில்லை. அந்த ஒரு வாரமும் அந்தக் கணினியில் அமர்ந்த எவரும் குடும்பத்தின் செய்திகள் அனைத்தையும் படித்திருக்கலாம். மகள் உடனே அந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்து, 'வெளியேறு' என்ற பொத்தானை அழுத்தினாள்.

நான்காவது, தானாகப் பதிவிறங்குதல். குடும்பக் குழுவில் ஒவ்வொரு நாளும் படங்களும் காணொலிகளும் வந்து குவியும். பட்டறைக் கணினிக்கு அப்பாவின் கைப்பேசியிலிருந்துதான் இணையம் வருகிறது. நண்பகலுக்குள் அன்றைய இணைய அளவு தீர்ந்துவிடும். பிற்பகலில் வணிகர்களுக்குப் படம் அனுப்ப முடியாமல் போகும். காணொலிகள் தாமாக இறங்குவதை நிறுத்தியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. தேவையானதைத் தொட்டால் அது மட்டும் இறங்கும்.

ஐந்தாவது, இரண்டடுக்குச் சரிபார்ப்பு. ஒருவருடைய எண்ணைப் பயன்படுத்தி வேறு கருவியில் கணக்கைத் திறக்க முயன்றால், குறுஞ்செய்தியில் வரும் எண்ணுடன் உரிமையாளர் மட்டும் அறிந்த மற்றோர் எண்ணையும் செயலி கேட்கும். வாட்ஸ்அப் செயலியில் அது ஆறு இலக்க எண். "இந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்பார்கள். பள்ளியிலிருந்து பேசுகிறேன் என்பார்கள். உறவினர் பெயரைக் கூடச் சொல்வார்கள். கேட்பவர் யாராக இருந்தாலும் விடை ஒன்றுதான்: சொல்ல மாட்டேன்" என்று அத்தை தம்பியிடம் அழுத்தமாகக் கூறினார்.

'கடைசியாக வந்த நேரம்', 'படித்ததற்கான குறி' ஆகியவற்றையும் மறைக்க முடியும் என்று அத்தை காட்டினார். தம்பி உடனே, "படித்த குறியை மறைத்துவிடுவோம். பிறகு யாரும் ஏன் பதில் எழுதவில்லை என்று கேட்க மாட்டார்கள்" என்றான். அத்தை சிரித்தார். "நீ மறைத்தால் மற்றவர்கள் படித்தார்களா என்பதும் உனக்குத் தெரியாது, தம்பி. கொடுத்தால்தான் பெறலாம்." அப்பா, "வணிகத்திற்கு அந்தக் குறி வேண்டும். அது அப்படியே இருக்கட்டும்" என்றார். எல்லாக் கதவுகளையும் சாத்த வேண்டியதில்லை என்பதை மகள் புரிந்துகொண்டாள்.

4. ஆச்சி படிக்காத செய்தி

வேலை முடிந்தது என்று மகள் எழுந்தபோது, அத்தை திரையில் இருந்த மற்றொரு செய்தியைச் சுட்டிக்காட்டினார். ஆச்சிக்கு மகள் அனுப்பியிருந்த செய்தி அது. தமிழ்ச் சொற்களை அவள் ஆங்கில எழுத்துகளில் எழுதியிருந்தாள்.

"இதை ஆச்சி எப்படிப் படிப்பார்?" என்று அத்தை கேட்டார்.

மகள் அதுவரை அதை நினைத்துப் பார்த்ததில்லை. ஆச்சி ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர். ஆங்கில எழுத்து அறியாதவர். சித்தப்பா வேலை முடிந்து வீடு திரும்பும்வரை கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். இரவில் அவர் படித்துக் காட்டிய பிறகே பேத்தி என்ன எழுதினாள் என்பது ஆச்சிக்குத் தெரியும். சித்தப்பா அயர்ந்து உறங்கிவிட்டால் அடுத்த நாள்வரை காத்திருக்க வேண்டும்.

"எனக்குத் தமிழ் எழுதத் தெரியும், அத்தை. பள்ளியில் எழுதுகிறேன். கணினியில்தான் எழுதத் தெரியாது" என்றாள் மகள் தாழ்ந்த குரலில்.

"அப்படியானால் ஆறாவது கதவு ஒன்று இருக்கிறது. அதைச் சாத்த வேண்டாம், திறக்க வேண்டும்" என்றார் அத்தை.

அவர் கணினியின் பொது அமைப்புகளைத் திறந்து, 'நேரமும் மொழியும்' என்ற பகுதிக்குச் சென்றார். அங்கு 'மொழியைச் சேர்' என்பதைத் தேர்ந்தெடுத்துத் தமிழைச் சேர்த்தார். பின்னர் விசைப்பலகைகளின் பட்டியலில் 'தமிழ்99' என்பதைத் தேர்ந்தெடுத்தார். விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு இடைவெளி விசையைத் தட்டினால், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கும் மாறலாம்.

தமிழ்99 விசைப்பலகை 1999ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பட்டது. உயிரெழுத்துகள் பன்னிரண்டும் இடக்கைப் பக்கம் இருக்கும். மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம் இருக்கும். ககரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் 'கி' பிறக்கும். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்ற இலக்கணமே இங்கு விசைகளின் விதியாக இருக்கிறது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வரும்.

"ஆச்சி என்று எழுது, பார்ப்போம்" என்றார் அத்தை.

மகள் ஆ, ச, ச, இ என்று நான்கு விசைகளைத் தேடித் தேடித் தட்டினாள். திரையில் 'ஆச்சி' என்று தோன்றியது. ஆங்கில எழுத்துகளில் எழுதியபோது அவள் ஏழு விசைகளைத் தட்டியிருந்தாள்.

அன்று இரவு ஏழு வரிகள் எழுத அவளுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அறுவை சிகிச்சைக்குப் பின்னர் கண்ணைக் கசக்கக் கூடாது என்றும், தேர்வு முடிந்ததும் ஊருக்கு வருவதாகவும் எழுதினாள். 'ள'கரத்திற்கும் 'ல'கரத்திற்கும் இடையில் இரண்டு முறை தடுமாறினாள். அனுப்பு விசையை அழுத்தும் முன்னர் அத்தையிடம் காட்டினாள். அத்தை ஒரு பிழையைத் திருத்தினார், மற்றொன்றை விட்டுவிட்டார்.

5. மூலையில் இரண்டு சொற்கள்

ஆச்சிக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சித்தப்பா ஆச்சியின் கைப்பேசி அமைப்பில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்தார்.

அடுத்த மாதம் அந்த வணிகர் மீண்டும் வந்தார். பைகள் விரைவில் விற்றுவிட்டதாகவும் இன்னும் நூறு பைகள் வேண்டும் என்றும் கூறினார். அப்பா 450 ரூபாய் என்றார். வணிகர் முன்பு தந்த விலையை நினைவூட்டினார். அந்த நேரத்தில் திரையின் மூலையில் ஒரு கட்டம் எழுந்தது. வணிகரின் பார்வை அங்கே சென்றது. 'புதிய செய்தி' என்ற இரண்டு சொற்கள் மட்டும் தோன்றி மறைந்தன. அப்பா அதைப் பாராதவர்போல், "தோலின் விலை ஏறியிருக்கிறது, ஐயா. 450க்குக் குறைந்தால் எனக்குக் கட்டுப்படியாகாது" என்றார். வணிகர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறுதியில் 440 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார்.

அவர் சென்ற பிறகு அப்பா மகளை அழைத்தார். இருவரும் செய்தியைத் திறந்தார்கள். அது ஆச்சியின் குரல் பதிவு. மகள் காதொலிப்பானின் ஒரு பக்கத்தை அப்பாவிடம் தந்து, மறு பக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"கண்ணு, நீ எழுதினதை இன்றைக்குக் காலையில் நானே படித்தேன். யாரையும் கேட்கவில்லை. 'பள்ளி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பல்லி' என்று எழுதியிருக்கிறாய். பல்லிக்குப் போய் என்ன படிப்பாய்? அடுத்ததில் சரியாக எழுது. நாளைக்கும் எழுது."

அப்பா வெகுநேரம் சிரித்தார். மகள் தமிழ் விசைப்பலகைக்கு மாறி, 'பள்ளி' என்ற சொல்லைத் தட்டத் தொடங்கினாள்.

தெரிந்து தெளிவோம்

உடனடிச் செய்திச் செயலிகள்: இணையத்தின் வழியே உடனுக்குடன் செய்தி பரிமாறும் செயலிகளில் தொடக்கக் காலத்தில் புகழ்பெற்றது ஐசிக்யூ. இஸ்ரேல் நாட்டு இளைஞர்கள் அதனை 1996ஆம் ஆண்டு வெளியிட்டனர். 1998ஆம் ஆண்டு வந்த யாகூவின் செய்திச் செயலி 2018ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. வாட்ஸ்அப்பைக் கணினியிலும் பயன்படுத்தும் வசதி 2015ஆம் ஆண்டு ஜனவரியில் அறிமுகமானது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட செய்திச் செயலியின் பெயர் 'அரட்டை'. 2025ஆம் ஆண்டு இந்தியா முழுவதும் அது பேசப்பட்டபோது, தமிழ் அறியாதவர்களும் அந்தத் தமிழ்ச் சொல்லை உச்சரித்தனர். அந்நிறுவனத்தின் அலுவலகம் ஒன்று தென்காசிக்கு அருகில் உள்ள மத்தளம்பாறையிலும் இயங்குகிறது.

ஒருங்குறி: 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் வெவ்வேறு குறியீட்டு முறையைப் பின்பற்றியது. ஓர் எழுத்துருவில் எழுதி அனுப்பிய செய்தி, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். உலக மொழிகளின் எழுத்துகள் அனைத்திற்கும் பொதுவான எண்களை வழங்கும் முறையே ஒருங்குறி. அதில் தமிழின் முதன்மைத் தொகுதிக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டு ஒருங்குறியை ஏற்றது. தாராவியில் தட்டிய எழுத்து தென்காசியில் மாறாமல் தெரிவதற்கு ஒருங்குறியே காரணம்.

சொல்லும் பொருளும்

சீமை – நிலப்பகுதி
முன்பணம் – வேலைக்கு முன்னரே தரும் பணம்
முன்னோட்டம் – திறப்பதற்கு முன் காட்டப்படும் பகுதி
கடவுச்சொல் – திறப்பதற்கு உரிய மறைவான சொல்
அறிவிப்பு – செய்தி வந்ததைத் தெரிவித்தல்
கட்டுப்படியாதல் – செலவுக்கு ஏற்ற வருவாய் கிடைத்தல்
அயலார் – குடும்பத்தைச் சாராதவர்

இலக்கணம் அறிவோம்: இன எழுத்துகள்

பிறக்கும் இடமும் முயற்சியும் ஒத்த எழுத்துகள் இன எழுத்துகள் எனப்படும். ஆறு வல்லின எழுத்துகளுக்கும் ஆறு மெல்லின எழுத்துகள் இனமாகும். சொற்களில் மெல்லின மெய்யை அடுத்து, பெரும்பாலும் அதன் இனமாகிய வல்லின எழுத்தே வரும்.

ங் – க: சங்கு
ஞ் – ச: மஞ்சள்
ண் – ட: வண்டி
ந் – த: பந்து
ம் – ப: பாம்பு
ன் – ற: கன்று

தமிழ்99 விசைப்பலகை இந்த இலக்கணத்தைப் பயன்படுத்துகிறது. மெல்லின எழுத்தைத் தட்டி, அதன் இன வல்லெழுத்தைத் தட்டினால், மெல்லின எழுத்துக்குப் புள்ளி தானாக வரும். 'தம்பி' என்று எழுத த, ம, ப, இ என்ற நான்கு விசைகள் போதும். இனமல்லாத எழுத்து அடுத்து வந்தால் புள்ளிக்கு உரிய விசையைத் தனியாகத் தட்ட வேண்டும்.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. செய்தியில் என்ன இருக்கிறது என்பதைத் திறப்பதற்கு முன்பே காட்டுவது ______.
(க) கடவுச்சொல் (ங) முன்னோட்டம் (ச) திரைப்பூட்டு (ஞ) பதிவிறக்கம்

2. அப்பா, மூலையில் தோன்றிய செய்தியை ______ உடன் ஒப்பிட்டார்.
(க) பணவிடை (ங) தந்தி (ச) அஞ்சலட்டை (ஞ) நாளிதழ்

3. தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் அமைந்துள்ள பக்கம் ______.
(க) இடப்பக்கம் (ங) வலப்பக்கம் (ச) மேல்வரிசை மட்டும் (ஞ) எண்களின் வரிசை

4. 'ண்' என்ற எழுத்தின் இன எழுத்து ______.
(க) த (ங) ற (ச) ட (ஞ) ப

ஆ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவான எண்களை வழங்கும் முறை ______.
2. முதல்முறை பை ஒன்றுக்குக் குறைந்த விலை ______ ரூபாய்.
3. அப்பாவின் கணக்கு ______ மையக் கணினியில் திறந்திருந்தது.
4. 'பள்ளி' என்பதை மகள் ______ என்று பிழையாக எழுதினாள்.

இ. கீழ்க்காணும் சொற்களைத் தமிழ்99 விசைப்பலகையில் எழுதத் தேவையான விசைகளை வரிசையாக எழுதுக.

எடுத்துக்காட்டு: பாட்டி – ப, ஆ, ட, ட, இ

1. அம்மா
2. தந்தை
3. மங்கை
4. வணக்கம்

ஈ. பொருள் வேறுபாடு தோன்றத் தொடரில் அமைத்து எழுதுக.

1. பள்ளி – பல்லி
2. வாளை – வாழை
3. கரை – கறை

உ. குறுவினாக்கள்

1. அறிவிப்புக்கும் முன்னோட்டத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. இணைய மையத்தில் அப்பா செய்யத் தவறியது என்ன?
3. 'படித்த குறி' மறைக்கப்படாமல் விடப்பட்டது ஏன்?
4. ஆச்சி இரவுவரை காத்திருக்க வேண்டியிருந்தது ஏன்?

ஊ. சிறுவினாக்கள்

1. முதல்முறை வந்த செய்தியும் இரண்டாம் முறை வந்த செய்தியும் வணிகத்தில் ஏற்படுத்திய விளைவுகளை ஒப்பிட்டு எழுதுக.
2. "அதைச் சாத்த வேண்டாம், திறக்க வேண்டும்" என்று அத்தை கூறியதன் பொருளை விளக்குக.
3. அத்தை ஒரு பிழையைத் திருத்தாமல் விட்டது சரியா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

எ. மொழியோடு விளையாடு

ஊரில் உள்ள உறவினர் ஒருவருக்குத் தமிழ் எழுத்துகளில் ஐந்து வரிச் செய்தி எழுதுக. அதை ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ காட்டியபின் அனுப்புக. பதில் வந்ததும் அதில் உள்ள புதிய சொற்களை வகுப்பில் பகிர்ந்துகொள்க.

ஏ. செயல்பாடு

உங்கள் வீட்டில் பொதுவாகப் பயன்படுத்தும் கணினி அல்லது கைப்பேசியில், பெரியவர் ஒருவருடன் அமர்ந்து, இப்பாடத்தில் கூறப்பட்ட ஐந்து அமைப்புகளையும் சரிபார்க்க. எவற்றை மாற்றினீர்கள், எவற்றை மாற்றாமல் விட்டீர்கள், ஏன் என்பதை அட்டவணைப்படுத்துக. கடவுச்சொல்லையோ எண்களையோ அட்டவணையில் எழுதக் கூடாது.